தாய்மாமனுக்கு முதல் காப்பி

தென்காசி
ஆடி மாதம், சனிக்கிழமை காலை

ராயகிரியில் வசிக்கும் என் மைத்துனரும், என் மகன் விஜயசங்கரின் தாய்மாமனுமாகிய வல்லிநாயகம் அவர்களுக்கு, மின்வாரியத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து போர்மேனாக ஓய்வுபெற்ற சண்முகநாதன் எழுதிக்கொள்வது.

இவ்விடத்தில் நானும் தங்கள் அக்காள் நாச்சியாரும் சுகம் என்று எழுதுவது முறை. சுகமாக இல்லாததால் அதை எழுதவில்லை. தங்கள் வீட்டில் எல்லோருடைய சுகத்தையும் விசாரிப்பதும் முறைதான். அதை விசாரிக்கும் நிலையில் இன்றைக்கு நான் இல்லை. தங்கள் பிள்ளைகள் மட்டும் நன்றாக இருக்கட்டும், அதுகள் ஒரு பாவமும் செய்யவில்லை. போனில் பேசியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் தாங்கள் 'அத்தான், அத்தான்' என்று குழைவீர்கள், என் கோபம் பாதியிலேயே நின்றுவிடும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

விஜயசங்கர் ஒலி வடிவமைப்பு செய்த படம், தியேட்டருக்கு வருவதற்கு நாலு நாள் முன்னாலேயே திருட்டுத்தனமாக எல்லார் செல்போனுக்கும் வந்துவிட்டது தங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. படம் முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் அதில் வேலை பார்த்த முக்கியமானவர்களுக்கு ஆளுக்கொரு காப்பி கொடுத்தார்கள். ஒவ்வொரு காப்பியிலும் திரையின் ஓரத்தில் ஒரு நம்பர் இருக்கும். எந்தக் காப்பி வெளியே போனாலும் அது யாருடையது என்று கண்டுபிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. இப்போது ஊரெல்லாம் ஓடுகிற காப்பியில் இருக்கும் நம்பர் பதினேழு. பதினேழு என் மகனுடையது. வருகிற வியாழக்கிழமை சென்னையில் அவனைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்கள். அவன்தான் வெளியே விட்டான் என்று முடிவானால் கையில் இருக்கும் அடுத்த படம் போய்விடும், சங்கத்திலும் பெயரை எடுத்துவிடுவார்கள். ஒன்பது வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருட்டறையில் கிடந்து கற்ற தொழில். அதில் முதன்முதலாக அவன் பெயர் தனியாக வந்த படத்திலேயே அவனுக்குத் திருடன் என்று பெயர் வைக்கப் போகிறார்கள்.

'யார்லே குடுத்தது?' என்று போனில் கேட்டேன். இரண்டாம் தடவை கேட்டதற்கு, 'விடுங்கப்பா' என்றான். அவன் யாரைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாதா? தாய்மாமன் பாசம்! பதினேழாம் நம்பர் காப்பியிலிருந்து எடுத்த ஒரே ஒரு பிரதிதான் என் வீட்டு வாசலைத் தாண்டியது. அது போய்ச் சேர்ந்த இடம் தங்கள் வீடு. நான் தங்களுக்குக் கொடுத்ததை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அவன் கெட்டிக்காரன், எப்படியோ மோப்பம் பிடித்திருப்பான்.

நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன், பிறகு மறந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. ஆனி மாதம் சாரல் தொடங்கியதும் பையன் பத்து நாள் லீவில் வந்தான். படத்தை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்து, கதவைச் சாத்திவிட்டு எனக்கும் அவன் அம்மாவுக்கும் போட்டுக் காட்டினான். 'இது நம்ம மூணு பேருக்குள்ளதாம்ப்பா. வெளிய மூச்சு விட்டுராதீங்க' என்றான். 'மாமாவுக்கு?' என்று கேட்டேன். 'மாமா தியேட்டர்ல பாக்கட்டும்' என்று சொல்லிவிட்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டான். இது என்ன பேச்சு? அவனுக்கு முதல் மொட்டை அடித்தது யார் மடியில்? காது குத்தியது யார் மடியில்? அன்றைக்கு அழுது தங்கள் பட்டு வேட்டியை நனைத்தானே, நினைவிருக்கிறதா? கல்யாணப் பத்திரிகை அடித்தால்கூட காசி விசுவநாதர் சன்னதியில் வைத்துவிட்டு நேராகத் தாய்மாமன் வீட்டுக்குத்தானே போகிறோம்? பையன் பெயர் திரையில் வருகிறது, அதைத் தாய்மாமன் ஊரோடு ஊராக வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துப் பார்ப்பதா? முறை தெரியாத வீடு என்று நாளைக்கு நீரே என்னைச் சொல்லமாட்டீரா?

ஆகவே அவனுக்குத் தெரியாமல் படத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றினேன். ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பழம், நடுவில் பென் டிரைவ், அதன் மூடியில் ஒரு குங்குமப் பொட்டு. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வாசுதேவநல்லூரில் ஏறிய ஒருவர் எட்டிப் பார்த்து, 'அண்ணாச்சி, பொண்ணுக்கு நிச்சயமா?' என்று கேட்டார். ராயகிரிக்கு வந்து உம் கையில் கொடுத்தேன். உம் வீட்டம்மாள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். 'படம் தியேட்டருக்கு வர்ற வரைக்கும் வெளிய போகப்படாது' என்று நான் சொன்னதும் நீர் தலையை ஆட்டினீர். தலையை ஆட்டினால் சம்மதம் என்று நினைத்தது என் தப்பு.

உமது பழைய சரித்திரம் எனக்கு மறந்துபோகவில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் நீர் ராயகிரியில் டிவியும் டெக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தீர். கோயில் கொடை, சடங்கு, பதினாறாம் நாள் விசேஷம், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தென்காசி தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் கேசட் உம் கைக்கு எங்கிருந்து வந்தது என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. வீட்டு மாப்பிள்ளை என்று முதல் வரிசையில் எனக்கு நாற்காலி போட்டு, கலர் சோடா உடைத்துக் கையில் கொடுத்தீர். குடித்துக்கொண்டே பார்த்தேன். அது வேறு. எப்படி வேறு என்று நாச்சியார் இப்போது கேட்கிறாள். அதை அவளுக்கும் உமக்கும் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை. தொழில் உமது ரத்தத்தில் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. அன்றைக்கு கேசட், பிறகு சிடி, இப்போது பென் டிரைவ். பொட்டை அழித்துவிட்டு எவன் போனில் முதலில் ஏற்றினீர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை.

அதன் விளைவு என்ன என்று நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அந்தப் படத்தில் ஓர் அருவி வருகிறது, மூன்றே நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்காக விஜயசங்கர் போன சீசனில் பதினொரு நாள் விடிவதற்கு முன்னால் ஐந்தருவிக்குப் போய் நின்றான். குளிக்கிற கூட்டம் வருவதற்குள் தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் பிடித்துவிட வேண்டுமாம். மேலேயிருந்து விழுவது தனி, பாறையில் தெறிப்பது தனி, ஒதுங்கி ஓடுவது தனி. மைக்குக்குப் போட்டிருந்த ரோம உறையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்து பேன் பார்த்தது. என் துண்டைச் சுற்றி அன்றைய வேலையை முடித்தான். போன செவ்வாய்க்கிழமை அதே ஐந்தருவிக்குப் போகிறேன், அங்கே மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிற தங்கபுஷ்பம் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் படம் பார்க்கிறாள். எட்டிப் பார்த்தால் ஓரத்தில் பதினேழு. அதுவும் சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள்!

'ஏட்டி, சத்தமில்லாம என்னத்தைப் பாக்கே?' என்றேன்.

'யாவாரத்துக்கு ஆள் கூப்பிட்டா காது கேக்கணும்லா, அண்ணாச்சி.'

'அருவி வருது பாரு, அந்தச் சத்தத்தையாவது கேளு.'

'அருவிச் சத்தந்தான் இங்கனயே கேக்கே.'

'அது என் மவன் பிடிச்ச சத்தம்!'

அவள் தலையைத் திருப்பிப் பின்னால் விழுகிற ஐந்தருவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். திருட்டுப் படம் பார்க்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. 'சீசன் மூணு மாசந்தான் எங்களுக்குப் பொழப்பு. காலைல ஆறு மணிக்குக் கடை போட்டா எடுத்து வைக்க ராத்திரி ஆயிரும். படம் ஒரு வாரம் ஓடுது, தூக்கிருதான். நான் எப்பப் போயி பாக்க? சீசன் முடியட்டும்னு எங்களுக்காவ எவன் படத்தை நிறுத்தி வைக்கான், சொல்லுங்க' என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால் கோபம் இரண்டு மடங்கானது. இரண்டு கிலோ மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மழைக் காய், பாதி அழுகல்.

என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற சேக் தாவூதைத் தெரியுமல்லவா? அவர் வீட்டுக்கு ஆறுதலுக்காகப் போனேன். அங்கேயும் பதினேழு. டீவியில், பெரிதாக! 'நீருமா, வே?' என்றேன். மனிதர் கொஞ்சமாவது கூச வேண்டுமே? 'நான் ரெண்டு ஆப்புக்குப் பணம் கட்டுதேன், சண்முகம். நான் கேக்க படம் எப்பவும் மூணாவது ஆப்புல இருக்கு. சரின்னு அதையும் திறந்தா ஓடிபி கேக்கு. அது துபாய்ல இருக்க மவ போனுக்குப் போவுது. அவ வேலைல இருக்கா, எடுக்க மாட்டுக்கா. திருட்டுக் காப்பி ஒண்ணுதான் வே நீ யாரு, எவருன்னு கேக்காம வீட்டுக்குள்ள வருது' என்றார். சரி, தியேட்டருக்கு வரலாமே என்றதற்கு, முழங்காலைத் தடவிக் காட்டினார். டீ கொடுத்தார், குடிக்காமல் எழுந்துவந்தேன்.

காலை நடைக்கு வருகிற வக்கீல் ஒருவர் இருக்கிறார், பெயர் சொல்ல விரும்பவில்லை. அவர் சட்டம் பேசினார். 'ஹீரோவுக்குக் கோடி கோடியாக் கொட்டுதானுவ. நாம ஓசியில பாத்துட்டா அவனுக்குக் கொறஞ்சு போயிருமா?' என்று கேட்டார். 'ஹீரோ வாங்கிக்கிட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டான் வே! அருவிச் சத்தம் பிடிச்ச பயலைத்தான் வியாழக்கிழமை விசாரிக்கான்!' என்று நான் போட்ட சத்தத்தில், பூங்காவில் யோகா செய்துகொண்டிருந்தவர்கள் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

மின்கம்பியில் கொக்கி போட்டு கரண்ட் எடுத்தவர்களை முப்பத்தாறு வருடம் பிடித்தவன் நான். எனக்கு இந்தப் பேச்செல்லாம் புதிதில்லை. கொக்கி போட்டவன் எவனும் திருடினேன் என்று சொன்னதே கிடையாது. பிள்ளைக்குப் பரீட்சை என்பான், மோட்டார் போடாவிட்டால் நெல் கருகிவிடும் என்பான், பக்கத்து வீட்டுக்காரனை முதலில் பிடி என்பான், சர்க்கார் கரண்ட்தானே என்பான். ஒருவன், 'கம்பி என் வயக்காட்டு வழியாத்தான அண்ணாச்சி போவுது?' என்று என்னிடமே நியாயம் கேட்டான். அதில் பாதிப் பேர் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக் கணக்கில் நடையாய் நடந்தவர்கள், அது எனக்குத் தெரியும். அந்த வீட்டுக் கொக்கியை அவிழ்க்கும்போது என் கை தயங்கியிருக்கிறது. மீதிப் பாதிப் பேர் ஏசி போட்டிருந்தார்கள். படத்திலும் அப்படித்தான். தங்கபுஷ்பத்தின் மேல் வந்த கோபம் பஸ் ஏறுவதற்குள் போய்விட்டது. தாவூதின் மேல் வந்தது மறுநாள் போனது. வக்கீல் மேல் இன்னும் இருக்கிறது. ஆனால் இவர்கள் எல்லோரும் ஓடுகிற கம்பியில் கொக்கி போட்டவர்கள்தானே, வல்லிநாயகம்? டிரான்ஸ்பார்மரையே திறந்துவிட்டவர் நீர்!

தியேட்டர்க்காரர் மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். படம் வந்த அன்றைக்கே நானும் நாச்சியாரும் போனோம். மொத்தக் கூட்டமும் ஒரு வேனில் அடங்கிவிடும். இடது பக்கத்து ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. மழைக் காட்சியில் நாலு பக்கமும் தவளை கத்த வேண்டும் என்று பையன் எட்டு மாதம் உட்கார்ந்து செய்த வேலை, வலது பக்கம் மட்டும் கத்திவிட்டு ஓய்ந்தது. இடைவேளையில் மேனேஜரிடம் ஏணி கேட்டேன், நானே ஏறிப் பார்க்கிறேன் என்று. தரவில்லை. 'இந்தப் படத்துக்கு இது போதும் பெரியவரே' என்றான். கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். கூட்டுகிற அம்மாள் துடைப்பத்தோடு திரைக்கு முன்னால் வந்து நிற்கிறாள். நாச்சியார் அவளைக் கையைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, எழுந்து நின்று பெயரை வாசித்தாள். விஜயசங்கர். அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. காசு கொடுத்துப் பார்க்க வந்தவனை இப்படி நடத்தினால் எவன் வருவான்? எனக்கே வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தது நன்றாக இருந்தது போலத் தோன்றிவிட்டது. அந்த எண்ணம் வந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு உம்மைத் திட்டினேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். புதன்கிழமை சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறு. வியாழக்கிழமை காலையில் அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போ. என் மருமகன் ஒரு பாவமும் அறியாதவன், நான்தான் வெளியே விட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. நீ தாய்மாமன் என்றால் அதைச் செய். மடியில் வைத்து மொட்டை போட்டால் மட்டும் தாய்மாமன் ஆகிவிட முடியாது. போகாவிட்டால், தை மாதம் நீ கொண்டுவரும் பொங்கல்படிச் சீரை வாசலில் வைத்தே திருப்பி அனுப்புவேன், கரும்பு உட்பட. உன் அக்காள் அழுவாள். அழட்டும். உன்னால்தான் அழுகிறாள் என்று அவளிடம் சொல்லுவேன்.

எனக்கு இளையவன் என்பதால் உன்னை ஆசீர்வதிக்க வேண்டிய கடமை இருக்கிறது. பிள்ளைகளுக்கும் உன் வீட்டம்மாளுக்கும் முழு ஆசீர்வாதம். உனக்குப் பாதி. மீதியை வியாழக்கிழமைக்குப் பிறகு பார்க்கலாம்.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடன்,
சண்முகநாதன்

பின்குறிப்பு: எந்தக் கடிதத்துக்கும் நகல் எடுக்காமல் நான் அனுப்புவதில்லை, அது ஆபீஸ் பழக்கம். இதையும் ஜெயபிரியாவின் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். என் பென்ஷன் வேலையெல்லாம் கம்ப்யூட்டரில் செய்துகொடுக்கிற பெண். தாளை மெஷினில் வைத்துக்கொண்டே, 'தம்பி படம் நல்லா இருக்கு அண்ணாச்சி. கடைக்கு வந்தவங்க எல்லாருக்கும் ஏத்திக் குடுத்தேன், ஒத்தக் காசு வாங்கல' என்றாள். உனக்கு ஏது படம் என்று கேட்டேன். 'நல்லா கேக்கிய! நீங்கதான அன்னைக்கு ஹார்ட் டிஸ்க்கைப் பையில போட்டுக் கொண்டாந்து பென் டிரைவ்ல ஏத்தச் சொன்னிய? போற வழில பென் டிரைவ் கெட்டுப்போச்சுன்னா மச்சினன் மூஞ்சில எப்படி முழிக்க, ஒன் கம்ப்யூட்டர்லயும் ஒரு காப்பி கெடக்கட்டும்னு சொன்னிய' என்றாள். சொன்னேன். நான் சொன்னதுதான். 'வெளிய குடுக்காதன்னு சொல்லலியே அண்ணாச்சி. நம்ம ஊர்ப் பையன் பேரு நாலு பேருக்குத் தெரியட்டும்னு பெருமையாத்தான் குடுத்தேன்' என்றாள்.

அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்தே விஜயசங்கருக்குப் போன் போட்டுச் சொன்னேன். 'தெரியும்ப்பா' என்றான். 'ஹார்ட் டிஸ்க் வயரை நீங்க சுத்தி வச்சிருந்ததைப் பாத்தேன். நான் அப்படிச் சுத்த மாட்டேன். அது கரண்டாபீஸ் சுத்து.' ஏம்லே என்னிடம் கேட்கவில்லை என்றேன். 'கேட்டா நீங்க உள்ளதைச் சொல்லிருவீங்க. அப்புறம் நான் அங்கன உங்க பேரை எழுதிக் குடுக்கணும். காப்பியைப் பத்திரமா வைக்காதது என் தப்புன்னு நேத்தே எழுதி அனுப்பிட்டேன்' என்றான்.

வல்லிநாயகம், நீ சென்னைக்குப் போக வேண்டாம். இன்று சாயங்காலப் பொதிகையில் நான் போகிறேன். அவன் எழுதியதைத் திரும்ப வாங்கிவிட்டு என் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் திட்டியதில் ஒரு வார்த்தையும் வீண் இல்லை, விலாசம்தான் தப்பு. எனவே தாங்கள், நீர், நீ என்று வருகிற இடத்திலெல்லாம் சண்முகநாதன் என்று போட்டு, முதலிலிருந்து ஒரு தடவை வாசித்துக்கொள். வாசித்து முடித்ததும் உன் அக்காளுக்கு ஒரு போன் போடு. அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.